இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில்

அத்தியாயம் 17

வேலையை விட்ட பிறகும் சைபுல்லாவின் இடது தொடை துடிப்பதை விடவில்லை.

போன் இருந்த இடம் அது. இப்போது போன் மேசைமேல் கிடக்கிறது. தொடை மட்டும் தானாக அதிர்கிறது. கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது. உள்ளே ஒன்றும் இல்லை.

பார்சல் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தத் துடிப்பு புரியும். காலையில் கிடங்கில் பையை நிரப்பி அனுப்புவார்கள். போனில் ஒரு வரைபடம், அதன் மூலையில் ஓர் எண். இன்னும் எத்தனை வீடு பாக்கி என்று சொல்லும் எண். ஒரு பார்சலைக் கொடுத்தால் ஒன்று குறையும். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரலாம் என்று நினைக்கிறபோது, அடுத்த லாரியில் வந்ததையும் அவன் பெயரில் ஏற்றிவிடுவார்கள். எண் மறுபடி மேலே போகும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் போன் ஒரு முறை அதிரும். பூஜ்யத்தைப் பார்த்த நாள் என்று சைபுல்லாவுக்கு ஒன்றுகூட நினைவில்லை.

செம்மண்டலம் சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல், பைக்கின் மேல் உட்கார்ந்தபடியே அவன் தூங்கிப்போனது போன வாரம். பின்னால் வந்த பஸ் அடித்த ஹாரனில் விழித்தவன், நேராகக் கிடங்குக்குப் போய்ப் பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அன்று இரவே மாமனார் கிபாயத்துல்லா பேச்சை ஆரம்பித்தார். அவர் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர். சைபுல்லா இருப்பதும் அவர் வீட்டில்தான்.

"குவைத்துல வீட்டு டிரைவர் வேல. விசா ரெடியா இருக்கு. நம்ம ஏஜென்ட்டுகிட்ட நான் வார்த்த குடுத்துட்டேன் மாப்ள."

"மச்சான் போவல அத்தா. மருந்து கம்பெனில வேன் ஓட்டற வேலைக்குக் கூப்புட்டுருக்காங்க," என்றாள் அவன் மனைவி ஷாசியா. அந்த வேலையைத் தேடிப் பிடித்ததே அவள்தான்.

கடைசியில் சைபுல்லாவே சமாதானம் பேசினான். மருந்து கம்பெனியில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அது சரிப்பட்டால் இங்கேயே. சரிப்படாவிட்டால் குவைத்.

அந்த ஒரு நாள்தான் இன்றைக்கு.

*

திருப்பாதிரிப்புலியூரில் ராஜமாணிக்கத்தின் மொத்த மருந்துக் கிடங்கு. உள்ளே எல்லாவற்றையும் நடத்துவது மாலதி. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, வேனின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கடைசிக் கடை மொதல்ல ஏறணும். மொதல் கடை கடைசில ஏறணும். சிதம்பரம் சுவத்தோரம், முதுநகர் கதவோரம். அப்பதான் ஒவ்வொரு கடையிலயும் கைக்கு வர்றது அந்தக் கடை சரக்கா இருக்கும்."

சைபுல்லா ஏற்றினான். மருந்தின் வாசனை அவனுக்குப் பிடித்திருந்தது. அதைவிட அந்த ரூட் பிடித்திருந்தது. முதுநகர், ஆலப்பாக்கம், பி.முட்லூர், சிதம்பரம். அவ்வளவுதான். நடுவில் யாரும் எதையும் ஏற்ற முடியாது. பொழுது சாய்வதற்குள் வீடு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

கடைசியாக ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. ஐஸ் பெட்டி மாதிரிதான், ஆனால் கெட்டியான சுவர். மாலதி உறைந்த ஐஸ் பேக் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"காதுகிட்ட வச்சு ஆட்டுங்க. என்னா கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல மேடம்."

"அப்ப இன்னும் ஆவல. மேசைமேல வைங்க."

அவன் வைத்தான். கால் மாற்றி நின்றான். பாக்கெட்டைத் தொட்டான். மறுபடி கால் மாற்றினான்.

"நேரமாவுது மேடம்."

"யாருக்கு?"

மாலதி சிரித்தாள்.

"இதுல இன்சுலின் போவுது. ரெண்டு டிகிரிக்குக் கீழயும் போவக்கூடாது, எட்டுக்கு மேலயும் போவக்கூடாது. எல்லாரும் சூட்டுக்குத்தான் பயப்படுவாங்க. சூடு பட்டாகூட இது கொஞ்ச நேரம் தாங்கும். உறைஞ்சுதுன்னா முடிஞ்சுது. உருகுனப்புறம் பாத்தா ஒண்ணும் தெரியாது, தண்ணி மாதிரியே இருக்கும். ஊசி போட்டா சுகர் எறங்காது. அதனாலதான் ஐஸ் பேக்கு வேர்க்கற வரைக்கும் வெளில வைக்கறோம். உள்ள தண்ணி சலசலன்னா சரி. அதுக்கப்புறமும் மருந்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு அட்ட வைக்கணும்."

சலசலப்பு கேட்ட பிறகு பேக்குகள் உள்ளே போயின. மருந்து டப்பாக்கள் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் போயின. பெட்டியின் பக்கவாட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு வெப்பமானி ஒட்டியிருந்தது. அதன் ஒயர் பெட்டிக்குள் போனது. சின்னத் திரையில் ஐந்து என்று காட்டியது.

"ஒவ்வொரு கடையில எறங்கும்போதும் இதப் பாருங்க. பட்டன ஒரு தட்டு தட்டுனா, கிளம்புனதுலேர்ந்து எவ்ளோ கீழ போச்சுன்னு காட்டும். அமுக்கிப் புடிச்சா அழிஞ்சிடும். அத காலைல நான்தான் அழிப்பேன். நீங்க பாத்தா மட்டும் போதும்."

*

முதுநகர் கடையில் இறங்கியபோது பார்த்தான். ஐந்துதான். டீக்கு நிறுத்திக்கொள்ள மாலதி சொல்லியிருந்தாள். அடுத்த தெருதானே என்று வீட்டு வாசலில் வேனை நிறுத்தினான்.

ஷாசியா இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் எடுத்து வைத்திருந்தாள். அவன் தட்டைக் கையில் வாங்கி, நின்றபடியே தின்றான்.

"உக்காந்து தின்னா பாவமா மச்சான்?"

"வண்டி நிக்குது."

"வண்டி நிக்கட்டும். அதுக்கென்னா கால் வலிக்குதா?"

மகள் ஃபர்ஹீன் அவன் காலைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏற வேண்டும் என்று அழுதாள். பகலில் அத்தாவை வீட்டில் பார்ப்பதே அவளுக்கு ஒரு திருவிழா.

"சாவியக் குடு மாப்ள. வண்டிய ஒரு பார்வ பாத்துட்டு வர்றேன்," என்றார் கிபாயத்துல்லா. வண்டி என்றால் அவருக்கு எப்போதுமே ஆசை. சாவியைக் கொடுத்தான்.

மகளைச் சமாதானம் செய்து முடிப்பதற்குள் மாமா திரும்பிவிட்டார். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினார்.

"நல்ல வண்டி. பதமா ஓட்டு. பிஸ்மி சொல்லிக் கிளம்பு."

அவர் அப்படி வாழ்த்தி அனுப்பியது ஷாசியாவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

*

சிப்காட் தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. சைபுல்லா விரட்டினான். யாரும் விரட்டச் சொல்லவில்லை. எந்தத் திரையிலும் எந்த எண்ணும் ஏறவில்லை. ஆனாலும் முன்னால் போகிற ஒவ்வொரு வண்டியும் அவன் நேரத்தைத் தின்கிற மாதிரியே இருந்தது. டவுன் பஸ் ஆள் ஏற்றியதற்கு ஹாரன் அடித்தான். ஆடுகள் ரோட்டைக் கடந்ததற்கு ஸ்டியரிங்கைத் தட்டினான். தொடை அதிர்ந்தது.

ஆலப்பாக்கத்தில் குதித்து இறங்கி, பின்கதவைத் திறந்து, டப்பாவைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, ஓடிவந்து ஏறினான். வெள்ளைப் பெட்டி இருந்தது இடதுபக்க சீட்டுக்குப் பின்னால். அதைப் பார்க்க வேண்டுமானால் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்துக் கதவை இழுக்க வேண்டும். அடுத்த கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினான்.

பி.முட்லூரிலும் அதே ஓட்டம். காலையில் ஐந்து காட்டியது இப்போது மட்டும் எங்கே போய்விடும்?

சிதம்பரம் தெற்கு வீதி மருந்துக்கடை முன்னால் நிறுத்தி, அந்தப் பக்கத்துக் கதவை இழுத்தபோதுதான் தரையில் தண்ணீர் ஓடியிருப்பதைப் பார்த்தான்.

திரையில் மைனஸ் ஆறு.

மூடியைத் திறந்தான். பெட்டி நிறையப் பொடி ஐஸ். நான்கு பேக்குகளும் அதற்குள் எங்கேயோ புதைந்து கிடந்தன. ஐஸுக்கு நடுநடுவே கரையாத கல் உப்பு மின்னியது.

இந்தக் கைவேலை அவனுக்குத் தெரியும். கேரளாவுக்குப் போகிற சரக்குக்கு மாமா இப்படித்தான் செய்வார். வெறும் ஐஸ் உருகும்போது பூஜ்யத்தில் நிற்கும், அதற்குக் கீழே போகாது. உப்பைக் கலந்தால் அது வேகமாக உருக ஆரம்பிக்கும். உருகுவதற்குச் சூடு வேண்டும் இல்லையா? அந்தச் சூட்டைப் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றிலிருந்தும் உறிஞ்சும். அதனால் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடும். நெடுந்தூரம் போகிற வஞ்சிர மீனுக்கு அது உயிர். சாவியை வாங்கிக்கொண்டு போனவர் வீட்டு வாசலில் இருந்த தெர்மாகோல் பெட்டியிலிருந்து அள்ளிப் போட்டிருக்கிறார்.

உறையைப் பிரித்து ஒரு குப்பியை எடுத்தான். உள்ளே வெள்ளையாக இறுகிப்போயிருந்தது. உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் அது இளகியது. பிறகு தெளிந்தது. கடைசியில் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. மாலதி சொன்னது அப்படியே.

"அண்ணே, குளிர் பொட்டிய மொதல்ல குடுங்க. இன்சுலினுக்கு ஆளு நிக்கறாங்க," என்று கடையிலிருந்து இளமதி குரல் கொடுத்தாள். மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண்.

"இதோ."

அவன் இரண்டு கையாலும் ஐஸை அள்ளிச் சாக்கடையில் போட்டான். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. திரையில் எண் ஏறியது. மைனஸ் மூன்று. பூஜ்யம். இரண்டு. எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவனுக்குப் பழகிய வேலை. நான்கு வந்ததும் மூச்சு சீரானது.

இப்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உறை காய்ந்திருந்தது. குப்பிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்துகொண்டிருந்தன. பட்டனை அமுக்கிப் பிடித்தால் மைனஸ் ஆறு என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. வேலை நிலைக்கும். குவைத் பேச்சு போய்விடும். ஃபர்ஹீன் நாளைக்கும் காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

கட்டைவிரல் பட்டன்மேல் போய் உட்கார்ந்தது.

"ஏம்ப்பா, மருந்து வண்டியா, கல்யாண ஊர்வலமா? ஊந்து ஊந்து வர்ற?"

கடைப் படியில் நின்ற பெரியவர் ஒருவர்தான் கேட்டார். மஞ்சள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"நேத்தே தீந்துபோச்சு. இது வராம ராத்திரி சாப்புடக்கூட பயமா இருந்துச்சு. எடு எடு."

பெரியவர் கையை நீட்டினார். சைபுல்லாவின் உள்ளங்கையில் அந்தக் குப்பி இன்னும் இருந்தது. அவன் விரலை மடக்கிக்கொண்டான்.

"இன்னைக்கு இல்ல பெரியவரே."

"இல்லயா? கைல வச்சிக்கிட்டே இல்லங்கற?"

"இது ஆவாது. உறைஞ்சுபோயி உருகுனது. போட்டுக்கிட்டாலும் சுகர் எறங்காது."

"நல்ல கம்பெனி நடத்துறீங்க போ!" என்று பெரியவர் வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். இளமதி வெளியே வந்து பெட்டியைப் பார்த்தாள், சாக்கடையில் கிடந்த ஐஸைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயா, கத்தாதீங்க. வடக்கு வீதில எங்க அக்கா கடை இருக்கு. போன் பண்ணி வாங்கித் தர்றேன், ஃபேன் கீழ உக்காருங்க." பிறகு சைபுல்லாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மாலதி அக்காவுக்குப் போன் போடுங்கண்ணே. இப்பவே போடுங்க. ஆறிப்போச்சுன்னா சொல்ல வராது."

*

மாலதி முழுவதும் கேட்டாள்.

"பட்டன அமுக்குனீங்களா?"

"இல்ல மேடம்."

"ஐஸு யாரு போட்டது?"

பார்சல் லாரி ஒன்று வீதியில் திரும்பி, அவன் வேனை உரசுகிற மாதிரி போனது.

"ஆலப்பாக்கத்துல பாத்திருக்கணும் மேடம். பாக்கல. முட்லூர்லயும் பாக்கல. மொதல்ல பாத்திருந்தா காப்பாத்தி இருக்கலாம்."

"நான் கேட்டது அது இல்ல."

"தெரியும் மேடம்."

"சரி. மத்த சரக்க எறக்கிட்டு வாங்க. மெதுவா வாங்க."

திரும்பி வருகிற வழியில் அவன் மெதுவாகத்தான் ஓட்டினான். புதுச்சத்திரத்தில் ஓரங்கட்டி ஷாசியாவுக்குப் போன் செய்தான்.

"அத்தாதான் போட்டாரா? அல்லா! ஒத்தாசைன்னு நெனச்சிருப்பாரு மச்சான். அவருக்கு ஐஸுன்னா மீனுதானே? திட்டிப்புடாதீங்க."

"திட்டல."

"வேல போச்சா?"

"தெரியல."

கிடங்கில் மாலதி பெட்டியை வாங்கிப் பட்டனைத் தட்டினாள். மைனஸ் ஆறு. தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். டப்பாக்கள் மேல் சிவப்பு டேப் ஒட்டித் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"சார்கிட்ட சொல்லிட்டேன். காலைல உங்கள வரச் சொன்னாரு."

"வேலைக்கா மேடம், இல்ல..."

"அத அவருதான் சொல்லுவாரு. அழிக்காம கொண்டு வர்றாருன்னு சொன்னேன். அப்புறம், பொட்டிய யாரு தொறந்ததுன்னு கேட்டாரு." அவள் சாவியை இடுப்பில் செருகினாள். "நாளைக்கு வரும்போது அதுக்குப் பதிலோட வாங்க. என்கிட்ட சொன்ன மாதிரி சுத்தி வளைச்சா அவருக்குப் பிடிக்காது."

*

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது அவன் வீட்டில் இருந்தான். வேலை நாளில் அந்த நேரத்தை அவன் வீட்டுக்குள் பார்த்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தான். உட்காரவும் முடியவில்லை. எழுந்தான். ஜன்னல் வரை போய் வந்தான்.

கிபாயத்துல்லா தலை குனிந்திருந்தார்.

"இந்தூண்டு இந்தூண்டா நாலு பாக்கெட்டு வச்சிருந்தாங்க மாப்ள. சிதம்பரம் போவறதுக்குள்ள தண்ணியாயிடுமேன்னு பதறிப்போச்சு. காலம்பூரா ஐஸ அள்ளுன கை. மருந்துக்கு ஆவாதுன்னு எனக்கென்னா தெரியும்?"

"பரவால்ல மாமா. நானும் பாக்காம விட்டுட்டேன்."

"முதலாளிகிட்ட என் பேரச் சொல்லிக்க. எனக்கு ஒண்ணும் இல்ல." பிறகு வேறு குரலில் சொன்னார். "நடந்தது நடந்துபோச்சு. குவைத்து விசா இன்னும் அப்படியேதான் இருக்கு. ஏஜென்ட்ட காலைலயே வரச் சொல்லட்டா?"

அடுப்படியில் ஷாசியாவின் கரண்டிச் சத்தம் ஒரு நொடி நின்றது. மறுபடி தொடங்கியது.

சைபுல்லாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிஸ்மி சொன்ன மனுஷன். தெரியாமல் செய்தார் என்று சொன்னால் ராஜமாணிக்கமும் ஒருவேளை புரிந்துகொள்வார்.

"சோறு எடுத்து வைக்கட்டா அத்தா? ஊசி போட்டாச்சா?" என்று ஷாசியா கேட்டாள்.

"ஊசியா? மாமாவுக்கு சுகர் மாத்திரைதானே?"

"நோம்பு முடிஞ்சதுலேர்ந்து ஊசிதான் மச்சான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாது. எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு வந்து, எழுவதற்கு முன்னால் போனவனுக்கு எப்படித் தெரியும்? வெட்கமாக இருந்தது.

கிபாயத்துல்லா ஃப்ரிட்ஜைத் திறந்தார். கதவில் முட்டை வைக்கிற இடத்துக்குக் கீழே, சின்னத் துணியில் சுற்றி வைத்திருந்த குப்பியை எடுத்தார். சிதம்பரத்தில் அவன் உள்ளங்கையில் இருந்த அதே உருவம்.

காலையிலிருந்து ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தவன் சைபுல்லா. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அத ஏன் மாமா கதவுல வச்சிருக்கீங்க? மேல வச்சா இன்னும் குளிரா இருக்குமே?"

குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, மருந்தை ஊசிக்குள் இழுத்தபடியே அவர் சொன்னார். அத்துபடியான ஒன்றைச் சொல்கிற சுறுசுறுப்போடு சொன்னார்.

"மேல ஃப்ரீசர் பக்கத்துல வச்சா உறைஞ்சிடும் மாப்ள. உறைஞ்சா அப்புறம் தூக்கித்தான் போடணும்."

ஊசிக்குள் ஏறிக்கொண்டிருந்த மருந்து பாதியில் நின்றது.

அடுப்படி வாசலில் ஷாசியா கரண்டியோடு வந்து நின்றாள். அவள் அத்தாவைப் பார்த்தாள். அத்தா குப்பியைப் பார்த்தார். ஃபர்ஹீன் மட்டும் அறைக்குள் வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள், வாயாலேயே ஹாரன் அடித்தபடி.

காலையில் ராஜமாணிக்கம் கேட்கப்போகிற கேள்விக்குச் சைபுல்லாவிடம் இப்போது முழுப் பதிலும் இருந்தது. அதை இந்த வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு தின்பது என்றுதான் தெரியவில்லை.